ஜன்னல் இல்லாத அண்டை வீட்டுக்காரர்கள்

டல்லெஸ் விமான நிலையத்தில் சில்வர் லைன் ரயிலில் ஏறினால் அடுத்து வருவது லவுடன் கேட்வே நிலையம். கதவுகள் திறந்தன, மூடின. என் பெட்டியில் ஏறுவாரும் இல்லை, இறங்குவாரும் இல்லை. வாஷிங்டன் மெட்ரோவிலேயே கூட்டம் மிகக் குறைந்த நிலையங்களில் இது ஒன்று. விமான இரைச்சல் அதிகம் என்பதால் இந்த நிலையத்தைச் சுற்றி வீடு கட்ட அனுமதி கிடையாது. மனிதர் குடியிருக்க ஆகாது என்று ஒதுக்கிய அந்த நிலத்தில் ஜன்னலே இல்லாத சாம்பல் நிறக் கட்டடங்கள் வரிசை கட்டி நிற்கின்றன. எல்லாம் தரவு மையங்கள், அதாவது இணையத்தைச் சுமக்கும் கணினிகளை அடுக்கி வைத்த கிடங்குகள். இவ்வளவு தரவு மையங்கள் ஒரே இடத்தில் நெருக்கியடித்து நிற்கும் பகுதி உலகத்தில் வேறு எங்கும் இல்லை.

அடுத்த நிலையம் ஆஷ்பர்ன். தண்டவாளம் அதோடு முடிகிறது. பல ஆண்டு தாமதத்துக்குப் பிறகு 2022 நவம்பர் 15 அன்றுதான் ரயில் இந்த ஊரை எட்டிப் பார்த்தது. வெளியே காருடன் காத்திருந்தான் என் தங்கை மகன். பத்து வருஷத்துக்கு மேலாக அமெரிக்காவில் வாடகை வீடு மாற்றிக்கொண்டிருப்பவன். இப்போது சொந்த வீடு வாங்கியே தீருவது என்று இறங்கியிருக்கிறான். "சனிக்கிழமை ஓப்பன் ஹவுஸ் பார்க்கப் போறோம், நீங்களும் வாங்க மாமா" என்றான். ஊர் சுற்ற வந்தவனுக்கு இதைவிட நல்ல அழைப்பு ஏது? ஒரு ஊரைப் பற்றி அதன் அருங்காட்சியகம் சொல்லாததையெல்லாம் விற்பனைக்கு நிற்கும் வீடு சொல்லிவிடும்.

வர்ஜீனியா மாநிலத்தின் வட விளிம்பில், பொட்டாமக் ஆற்றின் கரையில் இருக்கிறது லவுடன் கவுண்டி. நம்மூர் மாவட்டம் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் எங்கே வீடு, எங்கே கடை, எவ்வளவு வரி என்பதையெல்லாம் முடிவு செய்வது மக்கள் தேர்ந்தெடுக்கும் ஒன்பது பேர் கொண்ட மேற்பார்வையாளர் வாரியம். 1960இல் இங்கே இருந்தவர்கள் சுமார் 24,500 பேர். பால் பண்ணை, சோளக்காடு, குதிரை. 1990இல் 86,000. 2000இல் 1,69,000. 2010இல் 3,12,000. 2020 கணக்கெடுப்பில் 4,21,000. அறுபது ஆண்டில் பதினேழு மடங்கு.

எல்லாம் விமான நிலையத்தில் தொடங்கியது. 1958இல் டல்லெஸுக்கு நிலம் எடுத்தபோது வில்லர்டு என்ற ஒரு சிற்றூர், பெரும்பாலும் கறுப்பினக் குடும்பங்கள் வாழ்ந்த ஊர், இருந்த சுவடு தெரியாமல் போயிற்று. 1962இல் விமான நிலையம் திறந்தது. அதே காலத்தில் யு.எஸ். ஸ்டீல் நிறுவனம் ஸ்டெர்லிங் பார்க் என்ற பெயரில் வயல்வெளியில் மொத்தமாக வீடு கட்டி விற்கத் தொடங்கியது. அப்போது இந்தக் கவுண்டியின் பள்ளிகளில் வெள்ளைக் குழந்தைகளும் கறுப்புக் குழந்தைகளும் தனித்தனியாகத்தான் படித்தார்கள். நாட்டின் உச்ச நீதிமன்றம் 1954இலேயே கூடாது என்று சொல்லியும், கூட்டாட்சி நீதிமன்றம் ஆணையிட்ட பிறகு 1968இல்தான் அது முழுதாக முடிந்தது. தொண்ணூறுகளில் இணையச் சேவை நிறுவனமான ஏ.ஓ.எல். தன் தலைமையகத்தை இங்கே கொண்டுவந்தது. இணையக் கம்பிகள் சந்திக்கும் இடம் பக்கத்திலேயே இருந்ததால் தரவு மையம் நடத்தும் எக்குவினிக்ஸ் போன்ற நிறுவனங்கள் ஆஷ்பர்னில் சர்வர்களை அடுக்கின. அந்தச் சர்வர்களுக்குப் பின்னாலேயே மென்பொருள்காரர்கள் வந்தார்கள். அவர்களில் நம்மவர்கள் ஏராளம். கவுண்டியில் இன்று ஐந்தில் ஒருவர் ஆசிய வம்சாவளி, அதில் பெரும்பங்கு இந்தியர். ஆஷ்பர்ன்காரர் சுஹாஸ் சுப்ரமணியம் 2024இல் லவுடனை உள்ளடக்கிய தொகுதியிலிருந்துதான் அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத் தேர்வானார்.

சனிக்கிழமை போன வீடு ஆஷ்பர்னின் பிராம்பிள்டன் குடியிருப்பில். மூன்று அடுக்கு டவுன்ஹவுஸ். இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவரோடு ஒட்டியது. கீழே கார் நிறுத்த இடம், நடுவில் சமையலறையும் கூடமும், மேலே படுக்கையறைகள். வாசலில் ஒரு கூடை நிறைய நீலநிறத் துணி உறைகள். செருப்பைக் கழற்ற வேண்டாம், அதன்மேல் இதை மாட்டிக்கொள்ளுங்கள் என்று ஒரு அட்டை. எங்களுக்கு முன்னால் வந்திருந்தவர்கள் எல்லாரும் செருப்பைக் கழற்றி வரிசையாக விட்டிருந்தார்கள். அந்தச் செருப்பு வரிசையைப் பார்த்தாலே போட்டிக்கு வந்திருப்பவர்கள் யார் என்று தெரிந்தது.

உள்ளே நடந்த விசாரணைகளைக் காது கொடுத்துக் கேட்டேன். ஒரு தெலுங்குக் குடும்பம் கைப்பேசியில் திசைகாட்டியைத் திறந்து வாசல் கிழக்கா, வடகிழக்கா என்று சரிபார்த்துக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் கிழக்கு பார்த்த வீட்டுக்குக் கிராக்கி உண்டு என்று தன் முகவர் சொன்னதாகத் தங்கை மகன் காதில் ஓதினான். ஒரு பெண்மணி மாடிப்படிக்குக் கீழே இருந்த துணி அலமாரியைத் திறந்து, பூஜை அறைக்கு ஆகுமா என்று கையால் அளந்தார். இன்னொருவர் சமையலறைப் புகைபோக்கி புகையை வெளியே தள்ளுகிறதா, வடிகட்டி உள்ளேயே திருப்பி விடுகிறதா என்று ஆராய்ந்து பார்த்தார். தாளிக்கும் வீட்டுக்கு இது வாழ்க்கைப் பிரச்சினை. விற்பவரின் முகவர் அம்மாள், வெள்ளைக்காரர், இந்தக் கேள்விகள் எதற்கும் ஆச்சரியப்படவில்லை. கேட்பதற்கு முன்பே "வடகிழக்கு" என்றார்.

கேட்ட விலை 7,49,900 டாலர். அது கேட்கும் விலைதான். நல்ல பள்ளி எல்லைக்குள் இருக்கும் வீட்டுக்கு வார இறுதியில் பலர் மனுப் போடுவார்கள். பல மனுக்களில் 'என்னைவிட யார் அதிகம் கேட்டாலும் அதற்கு மேல் இத்தனை ஆயிரம் தருகிறேன், இந்த உச்சவரம்பு வரை' என்று ஒரு ஷரத்து இருக்கும். 2021, 22 வாக்கில் வெறி உச்சத்தில் இருந்தபோது வீட்டின் கூரையும் குழாயும் சரியாக இருக்கிறதா என்று சோதிக்கும் உரிமையையே பலர் விட்டுக்கொடுத்து வாங்கினார்கள். வர்ஜீனியா சட்டம் வாங்குபவன் தலையில்தான் பொறுப்பைக் கட்டுகிறது. விற்பவர் தருகிற அறிக்கையின் சாரம் ஒன்றே: எல்லாவற்றையும் நீங்களே விசாரித்துக்கொள்ளுங்கள். பக்கத்து நிலத்தில் என்ன வரப்போகிறது என்று அவர் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது வெறி தணிந்திருக்கிறது. விலை தணியவில்லை. காரணம் வட்டி. 2021 ஜனவரியில் முப்பது வருட வீட்டுக் கடனின் சராசரி வட்டி 2.65 சதவீதம் வரை இறங்கியது. 2023 அக்டோபரில் அதுவே 7.79. எட்டு லட்சம் டாலர் வீட்டுக்கு இருபது சதவீதம் முன்பணம் கட்டி மிச்சம் 6,40,000 கடன் வாங்கினால், மூன்று சதவீத வட்டிக்கு மாதத் தவணை சுமார் 2,700 டாலர். ஏழு சதவீதத்துக்கு 4,260. வீடு அதே வீடு. அன்று வாங்கியவர் இன்று விற்க மாட்டார். விற்றால் அடுத்த வீட்டுக்குப் புது வட்டி கட்ட வேண்டும். ஆகவே சந்தைக்கு வீடு வருவதில்லை. வராததால் விலை இறங்குவதில்லை. அடுத்தடுத்த இரண்டு வீடுகளில், ஒரே அமைப்பு, ஒரே சம்பளம், ஒருவர் கட்டுவது இன்னொருவரைவிட மாதம் ஆயிரத்து ஐந்நூறு டாலர் குறைவு. ஒரே தெருவில் இரண்டு ஜாதி உண்டாகிவிட்டது என்று சிரித்தான் தங்கை மகன். அவன் இரண்டாம் ஜாதி.

தவணையோடு முடிவதில்லை. வீட்டு உரிமையாளர் சங்கம் ஒன்று ஒவ்வொரு குடியிருப்பையும் ஆள்கிறது. எச்.ஓ.ஏ. என்பார்கள். மாதச் சந்தா இருநூறு டாலருக்கு மேல் போகலாம். நீச்சல் குளம், பனி அள்ளுதல், குப்பை எல்லாம் அதில் அடக்கம். பிராம்பிள்டனில் இணையக் கட்டணமும் சேர்த்தி. பதிலுக்குக் குப்பைத் தொட்டியை எத்தனை மணிக்கு வெளியே வைக்கலாம், கதவுக்கு என்ன வண்ணம் அடிக்கலாம் என்று சங்கம் சொல்லும். கொல்லைப்புறத்தில் மரத்தளம் போட அதனிடம் வரைபடம் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். பல சங்கங்களில் கொடியில் துணி காயப்போடக் கூடாது. நம் வீட்டுப் பெரியவர்கள் வந்தவுடன் முதலில் மீறும் விதி அதுதான்.

பெரியவர்களைச் சந்தித்தது குளக்கரையில். குளம் என்று நான் சொன்னாலும் அது மழைநீர் தேங்குவதற்காகக் குடியிருப்பு கட்டியவர்கள் வெட்டிய பள்ளம். சுற்றிலும் தார்ப்பாதை, நாலு பெஞ்சு, வாத்துகள். மாலை ஐந்து மணிக்கு அங்கே போனால் சேலை மேல் ஸ்வெட்டர் போட்ட அம்மாக்களும், குரங்குக் குல்லாய் அணிந்த அப்பாக்களும் சுற்றிச் சுற்றி வருகிறார்கள். ஆறு மாத விசாவில் பேரன் பேத்தியைப் பார்த்துக்கொள்ள வந்தவர்கள். கரூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர், பஸ் கம்பெனியில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவர், என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"ஏனுங்க, நீங்க எப்ப வந்தீங்க? எத்தனை மாசம்?"

"ரெண்டு வாரந்தாங்க."

"குடுத்து வெச்சவருங்க" என்றார். "இங்க நடக்கறதுக்கு ரோடு இருக்குதுங்க, போறதுக்குத்தான் ஊரு இல்லீங்க."

மிகையில்லை. அவர் மகன் வீட்டிலிருந்து மளிகைக் கடை இரண்டு மைல். நடுவில் ஆறு தடச் சாலை. நடைபாதை சில இடத்தில் இருக்கும், சில இடத்தில் புல்லில் போய் முடிந்துவிடும். கார் ஓட்டாதவருக்கு இந்த ஊர் வீட்டு வாசலோடும் குளத்தோடும் முடிந்துபோகிறது. கோயிலுக்கு மகன் ஞாயிற்றுக்கிழமை கூட்டிப்போவார். முருகனைப் பார்க்க வேண்டுமானால் மேரிலாந்தின் லான்ஹாம் வரை, போக ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. கிணறு வற்றிய நிலம் ஒன்றை விற்றுத்தான் மகனின் முன்பணத்தில் ஒரு பங்கு கொடுத்தாராம். அதைச் சொல்லும்போது வருத்தம் இல்லை, கொஞ்சம் பெருமைகூட இருந்தது. வருத்தம் வேறு இடத்தில். "வாங்கறப்போ வீட்டுக்குப் பொறவால பூரா மரமுங்க. இப்ப வந்து பாருங்க" என்று அழைத்துப் போனார்.

அவர் மகன் வீட்டின் பின்பக்கம் மரம் ஒரு வரிசை மிச்சம் இருந்தது. அதற்குப் பின்னால் வானத்தை மறைத்துக்கொண்டு ஒரு சுவர். கோபுர கிரேன் ஒன்று இன்னும் நின்றது. ஒரு தளம் இயங்க ஆரம்பித்திருந்ததால் கூரைமேல் குளிர்விக்கும் விசிறிகள் ஓடிக்கொண்டிருந்தன. பெரிய சத்தம் என்று சொல்ல முடியாது. சமையலறையில் புகைபோக்கியை அணைக்க மறந்துவிட்டது போன்ற ஒரு முனகல், ஆனால் எழுந்து போய் அணைக்க முடியாத முனகல். ராத்திரி ஜன்னலைச் சாத்தினாலும் கேட்கிறது என்றார். மின்சாரம் நின்றால் ஓடுவதற்கு வரிசையாக டீசல் ஜெனரேட்டர்கள் வேறு. அவற்றை அவ்வப்போது ஓட்டிச் சோதிப்பார்கள்.

இந்தக் கட்டடங்களைத் திட்டுவது எளிது. ஆனால் கவுண்டியின் கணக்குப் புத்தகத்தைப் பார்த்தால் வாய் அடைத்துவிடும். உள்ளே இருக்கும் கணினிகளுக்கு வரி உண்டு. சில ஆண்டுக்கு ஒருமுறை பழைய கணினியைத் தூக்கிவிட்டுப் புதிது வைப்பதால் வரி வற்றுவதே இல்லை. ஆண்டுக்குப் பல நூறு மில்லியன் டாலர். அந்தக் கட்டடம் பள்ளிக்குப் பிள்ளை அனுப்பாது, சாலையில் நெரிசல் உண்டாக்காது. விளைவு: நூறு டாலர் மதிப்புக்கு 2012இல் 1.235 டாலராக இருந்த வீட்டு வரி 2025இல் 0.805. எட்டு லட்சம் டாலர் வீட்டுக்கு வருடம் 6,440. பக்கத்து ஃபேர்ஃபேக்ஸ் கவுண்டியில் அதே மதிப்புள்ள வீட்டுக்கு ஒன்பதாயிரத்தை ஒட்டி வரும். கரூர்க்காரர் மகன் மாதம் இருநூறு டாலர் மிச்சம் பிடிப்பது பின்னால் முனகும் அந்தச் சுவரின் தயவில்.

தயவுக்கு வேறு விலை இருக்கிறது. தரவு மையத்துக்கான நிலம் இங்கே ஏக்கருக்கு இருபது லட்சம் டாலரைத் தாண்டிப் பல முறை கைமாறியிருக்கிறது. அந்த விலை கொடுத்து யார் நடுத்தர வர்க்கத்துக்கு வீடு கட்டுவார்கள்? கிழக்கு லவுடனில் மிச்சமிருந்த காலி நிலத்துக்கு வீடும் சர்வரும் ஏலம் கேட்டால் சர்வர்தான் ஜெயிக்கும். 2022 ஜூலையில் டொமினியன் மின் நிறுவனமே கையை விரித்தது: இந்தப் பகுதியின் புதிய மையங்களுக்குக் கேட்ட மின்சாரத்தைக் கொண்டுவர உயரழுத்தக் கம்பி போதவில்லை என்றது. இப்போது அந்தக் கம்பி எந்தக் குடியிருப்பின் தலைமேல் போவது என்று சண்டை. குறிப்பிட்ட மண்டலங்களில் பொது விசாரணை இல்லாமலே தரவு மையம் கட்டலாம் என்றிருந்த உரிமையை வாரியம் 2025 மார்ச்சில்தான் ரத்து செய்தது. அதற்குள் கட்டியது கட்டியாயிற்று. அனுமதி வாங்கி வைத்திருப்பது இன்னும் எவ்வளவோ.

மேற்கே போனால் வேறு நாடு. கவுண்டியின் தலைநகரான லீஸ்பர்க்கைத் தாண்டி ஏழாம் எண் சாலையில் பர்செல்வில் பக்கம் திரும்பினால் கல் வேலி, குதிரை லாயம், திராட்சைத் தோட்டம், இருநூறு மைலுக்கு மேல் தார் காணாத சரளைச் சாலை. அந்தச் சாலைகளுக்குத் தார் போடக் கூடாது என்று போராடும் அமைப்பே இருக்கிறது என்று கேட்டபோது என்னால் நம்ப முடியவில்லை. இந்தப் பசுமை தானாக மிஞ்சியதல்ல. மூன்று ஏக்கருக்கு ஒரு வீடு என்றிருந்த விதியை 2003இல் வாரியம் கடுமையாக்கியது. சில இடங்களில் ஐம்பது ஏக்கருக்கு ஒன்று. நில உரிமையாளர்கள் வழக்குப் போட்டார்கள். பத்திரிகை அறிவிப்பு முறையாக இல்லை என்ற ஒரே காரணத்துக்காக 2005இல் வர்ஜீனியா உச்ச நீதிமன்றம் அந்த விதியைத் தூக்கியெறிந்தது. வாரியம் மறுபடி, கொஞ்சம் தளர்த்தி, கொண்டுவந்தது. அழகான ஊர்ப்புறம் காப்பாற்றப்பட்டது உண்மை. காப்பாற்றப்பட்ட அழகில் குடியிருக்கப் பெரும் பணக்காரரால்தான் முடியும் என்பதும் உண்மை.

அப்படியானால் மற்றவர்கள்? திங்கள் காலை ஆறு மணிக்குப் பர்செல்வில்லுக்கு வடக்கே, ஒன்பதாம் எண் சாலையில் வண்டிகள் எதிர்த்திசையிலிருந்து சாரை சாரையாக வந்தன. மலைக்கு அந்தப் பக்கம் மேற்கு வர்ஜீனியா மாநிலம். பள்ளி ஆசிரியர், செவிலியர், தீயணைப்பு வீரர், குழாய் பழுதுபார்ப்பவர் என்று லவுடனில் வேலை செய்பவர்களில் கணிசமானவர்கள் அங்கிருந்துதான் வருகிறார்கள். இங்கே குடும்ப வருமானத்தின் இடைநிலை அளவு 1,70,000 டாலருக்கு மேல். அமெரிக்கக் கவுண்டிகளிலேயே முதலிடம் என்று ஆண்டுதோறும் பட்டியல் வருகிறது. அந்தப் பட்டியலில் இந்தச் சாரையில் வரும் யாரும் இல்லை. தங்கை மகனின் பெண்ணுக்கு வகுப்பெடுக்கும் ஆசிரியையும் மலை தாண்டித்தான் வருகிறார், பனி பெய்தால் நாலரைக்கு எழுகிறார். வாரியத்துக்கு இது தெரியாமல் இல்லை. குறைந்த விலையில் ஒதுக்கீட்டு வீடு தரும் திட்டம் தொண்ணூறுகளிலிருந்தே இருக்கிறது. 2040க்குள் சாதாரணச் சம்பளக்காரர் தாங்கக்கூடிய 16,000 வீடுகள் என்று 2021இல் ஒரு பெரிய திட்டமும் ஏற்கப்பட்டது. ஆனால் 'இங்கே வாடகைக் குடியிருப்பு வரப்போகிறது' என்று அறிவித்தால் எதிர்த்துப் பேச வரிசையில் நிற்பவர்களில் நம்மவர்களும் இருக்கிறார்கள். வந்த கதவைச் சாத்திக்கொள்ளும் அவசரம் எல்லா இனத்துக்கும் பொது போலும்.

எதிர்த்துப் பேசுபவர்களின் பயம் பள்ளியைச் சுற்றியது. பிள்ளைகள் குவியக் குவியப் புதுப் பள்ளிகள் கட்டிக்கொண்டே இருக்கிறார்கள். 2019இல் இண்டிபெண்டன்ஸ், அடுத்த ஆண்டே லைட்ரிட்ஜ் என்று உயர்நிலைப் பள்ளிகள் திறந்தன. ஒவ்வொரு புதுப் பள்ளிக்கும் எல்லை மறுபடி வரைய வேண்டும். தெருவின் இந்தப் பக்கம் ஒரு பள்ளி, அந்தப் பக்கம் வேறு பள்ளி என்றாகும். பள்ளிக்காக ஐம்பதாயிரம் டாலர் கூடக் கொடுத்து வாங்கியவர் அடுத்த வருடம் கோட்டுக்கு வெளியே நிற்கலாம்.

தங்கை மகன் அந்த வடகிழக்கு வீட்டுக்கு மனுப் போட்டான், கிடைக்கவில்லை. அவனுக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. அவன் எச்-1பி விசாவில் இருப்பவன். பச்சை அட்டை வரிசையில் அவனுக்கு முன்னால் லட்சக்கணக்கான இந்தியர்கள். வேலை போனால் வேறு வேலை தேட அறுபது நாள் அவகாசம். கடன் பத்திரத்துக்கு வயது முப்பது வருடம். இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தும் அவன் வாங்கத்தான் போகிறான். சாதாரண இரண்டு அறை வாடகை வீட்டுக்கு மாதம் 2,500 டாலர் போல அழுதுகொண்டிருப்பவனிடம் பொறுத்திரு என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை.

இந்தக் கட்டுரையைப் படிக்கிறவர்களில் மகனுக்கோ மகளுக்கோ முன்பணம் அனுப்ப நினைக்கும் பெற்றோர் இருப்பீர்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி ஒரு நிதியாண்டில் ஒருவர் இரண்டரை லட்சம் டாலர் வரை அனுப்பலாம் என்பதை உங்கள் வங்கிக்காரர் சொல்லியிருப்பார். அவர் சொல்லாத ஒன்று: லவுடனில் எந்த நிலம் யாருடையது, எந்த மண்டலத்தில் இருக்கிறது, என்ன கட்ட மனுப் போட்டிருக்கிறார்கள் என்பதைக் கவுண்டியின் இணைய வரைபடத்தில் யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் பார்க்கலாம். வாசல் எந்தத் திசை என்று கேட்பதற்கு முன், வீட்டுக்குப் பின்னால் தெரியும் மரங்கள் யாருடைய நிலத்தில் நிற்கின்றன என்று பிள்ளையைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். அதன் பிறகு பணம் அனுப்புங்கள்.